ரஷ்யச் சிறுமிகளின் தாவல்களும் மாறிய மதிப்பெண் விதிகளும்

22 செப்டம்பர் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

பெய்ஜிங்கில் நடந்த ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கி ஆடும் விளையாட்டு) ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ரஷ்யாவின் அடெலியா பெட்ரோசியான், நாட்டுக்கொடி இல்லாத நடுநிலை வீராங்கனையாக இறங்கி வென்றிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் விலக்கி வைத்த பிறகும் ரஷ்யப் பெண்களை வெல்ல ஆள் இல்லை. 2018 முதல் மதிப்பெண் விதிகளைத் திரும்பத் திரும்ப மாற்றியதும், வயது வரம்பை உயர்த்தியதும் அவர்களை அடக்குவதற்காகத்தான் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

22 செப்டம்பர் 2025, இரவு

மறுக்கிறேன். நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கும் விதிகள் தனித்தனியானவை. ஒவ்வொன்றின் விளைவும் வேறு. முதலில் தாவல் ஊக்கப் புள்ளியை எடுத்துக்கொள்வோம்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக் வரை, நிகழ்ச்சியின் பாதி நேரம் கடந்த பின் செய்யும் எல்லாத் தாவல்களுக்கும் அடிப்படை மதிப்பில் (அட்டவணையில் அந்தத் தாவலுக்குக் குறித்த புள்ளியில்) பத்து விழுக்காடு கூடுதலாகக் கிடைத்தது. களைத்த கால்களால் தாவுவது கடினம் என்பதால் அதற்குரிய ஊதியம் தர வேண்டும் என்பதே அந்த விதியின் நியாயம். பதினைந்து வயது அலினா ஜகிடோவா, போட்டியின் நீளமான இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் தம் ஏழு தாவல்களையும் பின்பாதியிலேயே வைத்தார். முதல் இரண்டு நிமிடங்கள் சுழற்சிகளும் நடையடிகளுமாகவே கழிந்தன. அதன் பின் மூச்சுவிட இடமில்லாமல் தாவல்கள் அடுக்கடுக்காக வந்தன. அவர் 239.57 புள்ளிகளுடன் தங்கம் பெற்றார். அதே பயிற்சியாளரான எட்டெரி டுட்பெரிட்ஸேயின் மாணவி யெவ்கேனியா மெத்வேதேவா 238.26 புள்ளிகளுடன் வெள்ளி பெற்றார். இடைவெளி 1.31 மட்டுமே, ஃப்ரீ ஸ்கேட்டில் இருவருக்கும் ஒரே மதிப்பெண், 156.65.

2018-19 பருவத்திலிருந்து இந்த ஊக்கம் ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று தாவல்களுக்கும், குறுகிய முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமில் கடைசி ஒரு தாவலுக்கும் என்று சுருக்கப்பட்டது. ஆண்களுக்கும் அதே விதிதான். அந்தப் பருவத்திலேயே ஆண்களின் ஃப்ரீ ஸ்கேட்டில் தாவல்களின் எண்ணிக்கை எட்டிலிருந்து ஏழாகவும் குறைந்தது. ஒரு நாட்டின் சிறுமிகளை மட்டும் குறிவைத்த திருத்தமாக எனக்கு இது தோன்றவில்லை.

24 செப்டம்பர் 2025

ஊக்கப் புள்ளி விதி அன்றே திருத்தப்பட்டிருந்தால் தங்கம் மெத்வேதேவாவுக்குப் போயிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நேராகக் கழித்துப் பார்க்க இயலாது. மெத்வேதேவாவும் தம் தாவல்களில் பெரும்பாலானவற்றைப் பின்பாதியில்தான் வைத்திருந்தார். அவருக்கும் இழப்பு உண்டு. விதி வேறாக இருந்திருந்தால் இரண்டு நிகழ்ச்சிகளின் அமைப்பும் வேறாக இருந்திருக்கும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. நான்கு நிமிட நிகழ்ச்சியின் இறுதியில் ஏழு தாவல்களை வரிசையாகச் செய்ய மெலிந்த, இன்னும் வளர்ந்து முடியாத உடல் பெரிதும் உதவுகிறது. அந்தப் பத்து விழுக்காடு, கேட்காமலேயே, அத்தகைய உடலுக்குக் கொடுக்கப்பட்ட பத்து விழுக்காடாகவும் ஆகிவிட்டது. மாஸ்கோவில் டுட்பெரிட்ஸேயின் பயிற்சிக் குழு அதை எல்லோருக்கும் முன்னதாகப் படித்துக்கொண்டது. விதிப்புத்தகத்தைக் கூர்ந்து படித்ததற்காக அவர்களை நான் குறை சொல்லவில்லை; அதை எழுதியவர்கள் அந்த அளவுக்குக் கூர்ந்து சிந்திக்கவில்லை என்பதே என் வருத்தம்.

28 செப்டம்பர் 2025

இனி குவாட். நான்கு முறை சுழன்று இறங்கும் தாவலைப் பெண்கள் போட்டியில் முதன்முதலில் செய்தவர் ஜப்பானின் மிக்கி ஆண்டோ, 2002-இல். அதன் பின் நெடுங்காலம் அது பெண்கள் போட்டியின் அன்றாடப் பகுதியாக ஆகவே இல்லை. 2018 மார்ச்சில் சோஃபியாவில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் பதின்மூன்று வயது அலெக்சாந்திரா டுருசோவா ஒரே நிகழ்ச்சியில் இரண்டு குவாட்களை இறக்கினார். எல்லாம் மாறியது அங்கேதான்.

அதே ஆண்டில்தான் அடிப்படை மதிப்புகள் குறைக்கப்பட்டன. லட்ஸ் என்ற வகைத் தாவலை நான்கு சுற்றாகச் செய்யும் குவாட் லட்ஸ் 13.6-லிருந்து 11.5 ஆயிற்று, மூன்று சுற்றாகச் செய்யும் ட்ரிபிள் லட்ஸ் 6.0-லிருந்து 5.9 ஆயிற்று. தாவலின் தரத்துக்காக நடுவர்கள் கூட்டும் அல்லது கழிக்கும் தரப்புள்ளியின் எல்லை மூன்றிலிருந்து ஐந்தாக விரிந்தது. ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பின் பத்து விழுக்காடு என்றும் ஆனது. மேலோட்டமாகப் பார்த்தால் குவாட்டின் விலை குறைந்துவிட்டது போலிருக்கும். காகிதத்தில் எழுதிக் கணக்கிட்டால் வேறு உண்மை தெரிகிறது.

பழைய விதியில் ஒருவர் குவாட் லட்ஸ் தாவி விழுந்தால் 13.6-இல் தரப்புள்ளியாக 4 கழியும், விழுந்ததற்கு 1 கழியும், மீதி 8.6. அப்போது ட்ரிபிள் லட்ஸை எவ்வளவு அழகாகச் செய்தாலும் 6.0-உடன் 2.1 சேர்ந்து 8.1-தான். அதாவது விழுந்த குவாட், குறையே இல்லாத ட்ரிபிளைவிட மேலானதாக இருந்தது. புதிய விதியில் விழுந்த குவாட் லட்ஸுக்கு 11.5-இல் 5.75 கழிந்து, மேலும் 1 கழிந்து, 4.75 மட்டுமே மிஞ்சுகிறது. அது சாதாரணமாக இறங்கிய ட்ரிபிளின் 5.9-ஐவிடக் குறைவு. இது நல்ல திருத்தம்தான், சந்தேகமில்லை.

ஆனால் விழாமல் மிகச் சிறப்பாக இறங்கிய குவாட் லட்ஸைப் பாருங்கள். பழைய உச்சம் 16.6, புதிய உச்சம் 17.25. ட்ரிபிளின் உச்சமோ 8.1-லிருந்து 8.85 ஆயிற்று. இரண்டுக்கும் இடையிலான தொலைவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஆகவே 2018 திருத்தம் குவாட்டை மலிவாக்கவில்லை. நம்பகமில்லாத குவாட்டைத்தான் மலிவாக்கியது. யாரால் அதை நம்பகமாக இறக்க முடியும் என்று பயிற்சியாளர்கள் தேடத் தொடங்கியபோது, விடை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகளிடம் இருந்தது. தாவலில் காற்றில் நிற்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் நான்கு சுற்று முடிய வேண்டுமானால் உடல் ஒடுங்கியும் எடை குறைந்தும் இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் விரியும் பருவத்தில் அதே விசை அதே வேகத்தைத் தருவதில்லை.

3 அக்டோபர் 2025

நான் ரஷ்யாவின் கசானில் மருத்துவம் படித்தவன். அங்கே தமிழ் மாணவர்கள் பலர் உண்டு. குளிர்காலத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் பனி அரங்குக்குப் போய்ப் பழகினோம். பொதுமக்களுக்கான நேரம் தொடங்குவதற்கு முன் பயிற்சி நடக்கும். தூண்டில் போன்ற நீண்ட கழியின் நுனியிலிருந்து தொங்கும் கயிற்றில் ஒரு சிறுமியின் இடுப்புக் கச்சையைப் பிணைத்து, அவள் தாவும்போது பயிற்சியாளர் கழியை மேலே இழுப்பார்; காற்றில் இன்னும் ஒரு சுற்றுக்கு நேரம் கிடைக்கும். பிறகு கயிறு இல்லாமல் தாவுவாள், விழுவாள், பனித்தூளைத் தட்டிவிட்டு எழுவாள். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய், தாவல்களின் அடிப்படை மதிப்புகளைப் புத்தகம் பார்க்காமல் தசமப் புள்ளியோடு எனக்குச் சொன்னார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம். எந்தத் தாவலை எந்த வயதுக்குள் கற்றுவிட வேண்டும் என்று அவர் ஒரு வரிசை வைத்திருந்தார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. மதிப்பெண் அட்டவணையின் ஒரு வரி மாறும்போது அது முதலில் போய்ச் சேருமிடம் ஒலிம்பிக் மேடை அல்ல. ஒன்பது வயதுக் குழந்தையின் அடுத்த ஆண்டுப் பயிற்சித் திட்டத்தில்தான் அது முதலில் இறங்குகிறது. விதியை எழுதும் குழுவினர் தங்கள் முன் நிற்கும் இருபது வயதினரை நினைத்து எழுதுகிறார்கள். அதற்கு உட்பட்டு வளர்பவர்கள் வேறு பிள்ளைகள்.

4 அக்டோபர் 2025

அப்படியானால் குவாட் என்பதே குழந்தைகளின் தாவல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐந்து குவாட் தாவிய டுருசோவாவுக்கு அப்போது பதினேழு வயது. மூன்றரைச் சுற்றுத் தாவலான ட்ரிபிள் ஆக்செலைப் பொறுத்தவரை இன்னும் தெளிவான சான்றுகள் உண்டு. பயிற்சியாளர் அலெக்சேய் மிஷினின் மாணவி யெலிசவேத்தா துக்தமிஷேவா 2015-இல் ஷாங்காயில் உலகப் பட்டம் வென்றவர். 2021-இல் இருபத்து நான்கு வயதில் ஸ்டாக்ஹோமில் உலகப் போட்டியின் வெள்ளியை வென்றார், ட்ரிபிள் ஆக்செலுடன். அவர் ஒருமுறைகூட ஒலிம்பிக்கில் ஆடவில்லை. அவ்வளவு நீண்ட வாழ்வு கொண்ட ஒருவர், ஒவ்வொரு நான்காண்டும் புதிதாக வந்த சிறுமிகளுக்குப் பின்னால் தேசிய அணியின் வாசலிலேயே நின்றுவிட்டார் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

முந்தைய குறிப்புக்கு மாறாக நிற்கும் ஒரு போட்டியையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் டூரினில் நடந்த கிராண்ட் பிரீ தொடரின் இறுதியில் அல்யோனா கொஸ்தோர்னயா ஒரு குவாட்கூட இல்லாமல், ட்ரிபிள் ஆக்செல்களோடு 247.59 எடுத்து, குவாட் தாவுபவர்களான அன்னா ஷெர்பகோவாவையும் (240.92) டுருசோவாவையும் (233.18) முந்தினார். எனவே குவாட் இருந்தால்தான் வெற்றி என்று விதி சொல்லவில்லை. ஆனால் மூவரும் ஒரே பயிற்சிக் குழுவில் வளர்ந்தவர்கள். மூவருக்கும் வயது பதினைந்து, பதினாறு. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பின் மூவரில் எவரும் சர்வதேச ஒற்றையர் போட்டியில் ஆடவில்லை. 2022 மார்ச் முதல் ரஷ்யர்களுக்குத் தடை இருந்தது உண்மைதான். தடையை மட்டும் காரணமாக்க என்னால் முடியவில்லை.

11 அக்டோபர் 2025

வயது வரம்பு. இதைப் பற்றித்தான் உங்களில் பலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள்.

2022 ஜூனில் தாய்லாந்தின் பூக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனத்தின் மாநாடு, 100-க்கு 16 என்ற வாக்குகளில், சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாக உயர்த்தியது. 2023-24-இல் பதினாறு, 2024-25-இல் பதினேழு எனப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பருவம் தொடங்கும் ஜூலை 1-க்கு முன் அந்த வயது நிறைந்திருக்க வேண்டும்.

இந்த முடிவுக்கு முன் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 டிசம்பர் 25-இல் ரஷ்யத் தேசியப் போட்டியின்போது எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட இதய மருந்தான ட்ரைமெட்டாசிடின் இருந்தது பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நடுவே வெளிவந்தது. பதினைந்து வயது கமிலா வலியேவா, அணிப் போட்டியில் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண் குவாட்டை இறக்கிய சிறுமி, தனிப்போட்டியின் ஷார்ட் புரோகிராமில் 82.16 எடுத்து முதலிடத்தில் நின்று, ஃப்ரீ ஸ்கேட்டில் மீண்டும் மீண்டும் விழுந்து 141.93 மட்டுமே எடுத்து, மொத்தத்தில் நான்காமிடத்தில் முடித்தார். அந்த நான்கு நிமிடங்களை நான் நேரலையில் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க மனம் வரவில்லை. 2024 ஜனவரியில் விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் அவருக்கு நான்காண்டுத் தடை விதித்தது. மாதிரி எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டதால் அது 2025 டிசம்பர் 25 வரை. தடை அந்தச் சிறுமிக்கு. அவரைச் சுற்றியிருந்த பெரியவர்களின் வாழ்வு பெரும்பாலும் அப்படியே நடக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பதினேழு வயது வரம்பு முன்பே இருந்திருந்தால் யார் தடுக்கப்பட்டிருப்பார்கள்? பெய்ஜிங்கில் வலியேவா ஆடியிருக்க முடியாது. ஆனால் தங்கம் வென்ற ஷெர்பகோவா 2004 மார்ச்சில் பிறந்தவர், வெள்ளி வென்ற டுருசோவா 2004 ஜூன் 23-இல் பிறந்தவர்; 2021 ஜூலைக்கு முன் இருவருக்கும் பதினேழு நிறைந்துவிட்டது. இருவரும் ஆடியிருப்பார்கள். பியோங்சாங்கில் ஜகிடோவா தடுக்கப்பட்டிருப்பார், மெத்வேதேவா ஆடியிருப்பார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அணித் தங்கம் வென்ற பதினைந்து வயது யூலியா லிப்னித்ஸ்கயா தடுக்கப்பட்டிருப்பார். பத்தொன்பது வயதிலேயே உணவைத் தவிர்க்கவைக்கும் அனோரெக்சியா நோய்க்குச் சிகிச்சை பெற்று விளையாட்டை விட்டுப் போன அவருக்கு, அந்தத் தடை ஒரு பாதுகாப்பாக இருந்திருக்குமோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே ரஷ்யப் பெண்களை அடக்கும் விதி இது என்பது கணக்கில் நிற்கவில்லை. ரஷ்யர்கள் அப்போதும் பதக்கம் வென்றிருப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் மூத்த ரஷ்யர்கள். நான் இந்த விதியை ஆதரிக்கிறேன்.

12 அக்டோபர் 2025

நேற்று எழுதியதற்கு ஒரு தயக்கத்தையும் சேர்க்கிறேன். வயது வரம்பு சீனியர் மேடையைத்தான் காக்கிறது. பதின்மூன்று வயதில் குவாட் கற்பதை அது தடுக்கவில்லை. கற்றதைப் பதினேழு வரை உடையாமல் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. முதுகெலும்பும் கணுக்காலும் தேய்வது பயிற்சி அரங்கில்தான் என்பது எலும்பு மருத்துவப் பிரிவில் சில மாதங்கள் இருந்த எவருக்கும் தெரியும். ஜூனியர் போட்டிகளில் குவாட்டுக்கு இன்றும் முழு மதிப்பு உண்டு. அந்தக் கதவு திறந்திருக்கும்வரை பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

19 அக்டோபர் 2025

இந்த இழையில் நான் சொல்ல விரும்பிய முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

தாவல்கள், சுழற்சிகள், நடையடிகள் சேர்ந்து நுட்ப மதிப்பெண். சறுக்கும் திறன், நிகழ்ச்சியின் அமைப்பு, வெளிப்பாடு சேர்ந்து கலைக்கூறு மதிப்பெண். நுட்பத்துக்கு மேல் எல்லை இல்லை. கலைக்கூறுக்கு எல்லை உண்டு: பெண்களின் ஃப்ரீ ஸ்கேட்டில் 80, ஆண்களின் ஃப்ரீ ஸ்கேட்டில் 100. பெண்கள் குவாட் தாவாத காலத்தில் அவர்களின் நுட்ப மதிப்பெண் ஆண்களுடையதைவிடக் குறைவாக இருந்ததால், இரண்டு பகுதிகளும் சமநிலையில் இருக்கட்டும் என்று பெண்களின் கலைக்கூறுப் புள்ளிகளைப் பெருக்கும் பெருக்கெண்ணைக் குறைத்து வைத்தார்கள். அன்றைக்கு அது சரியான ஏற்பாடு.

பிறகு டுருசோவா வந்தார். பெய்ஜிங் ஃப்ரீ ஸ்கேட்டில் அவருடைய நுட்ப மதிப்பெண் 106.16, கலைக்கூறு 70.97. ஷெர்பகோவாவுக்கு 100.49-உம் 75.26-உம். இந்தப் பூமியில் இதுவரை பிறந்த எந்தப் பெண்ணும், எவ்வளவு நேர்த்தியாகச் சறுக்கினாலும், கலைக்கூறில் 80-க்கு மேல் வாங்க முடியாது. அந்த இரவு வெண்கலம் வென்ற ஜப்பானின் கவோரி சகமோட்டோ வேகத்திலும் பனி விளிம்பைக் கையாள்வதிலும் இருவரையும்விடத் தேர்ந்தவர் என்பது என் கருத்து. அவர் மொத்தம் 233.13 எடுத்தார், ஷெர்பகோவா 255.95 எடுத்தார். அந்த ஏறக்குறைய இருபத்துமூன்று புள்ளிகளைக் கலைக்கூறில் ஈட்ட வழியே கிடையாது, ஏனெனில் அங்கே கூரை தாழ்வாக இருக்கிறது.

2022-23-இல் ஐந்து கலைக்கூறுகளை மூன்றாகக் குறைத்தபோது பெருக்கெண்களையும் மாற்றி எழுதினார்கள். ஃப்ரீ ஸ்கேட்டில் 1.6 இருந்த இடத்தில் 2.67 வந்தது. ஒவ்வொரு கூறுக்கும் உச்சம் பத்து என்பதால், ஐம்பதை 1.6-ஆல் பெருக்கினாலும் முப்பதை 2.67-ஆல் பெருக்கினாலும் வருவது ஏறக்குறைய அதே 80. கூரையை உயர்த்த ஒரு வாய்ப்பு கையில் வந்தும் பயன்படுத்தாமல் விட்டார்கள். வளர்ந்த பெண்கள் நீடித்து ஆட வேண்டும் என்பது உண்மையான விருப்பமானால், வயதோடு கூடும் திறன்களுக்கு மதிப்பெண்ணில் இடம் இருக்க வேண்டும். சறுக்கும் திறன் பதினைந்தில் உச்சத்தை அடைவதில்லை, இருபத்தைந்திலும் ஏறிக்கொண்டிருக்கிறது.

20 அக்டோபர் 2025

டுருசோவாவின் ஃப்ரீ ஸ்கேட் 177.13, ஷெர்பகோவாவுடையது 175.75, அப்படியிருக்க தங்கம் எப்படிக் கைமாறியது என்று கேட்டவருக்கு: ஷார்ட் புரோகிராமில் ஷெர்பகோவா 80.20, டுருசோவா 74.60. பெண்களின் ஷார்ட் புரோகிராமில் அன்று குவாட்டுக்கு அனுமதி இல்லை, ஆண்களுக்கு உண்டு. தம் மிகப் பெரிய பலத்தை அங்கே காட்ட முடியாத டுருசோவா, ட்ரிபிள் ஆக்செலை முயன்று விழுந்தார். ஐந்து குவாட்டுடன் ஃப்ரீ ஸ்கேட்டை வென்றும் தங்கம் கிடைக்காத அவருடைய அழுகையை உலகமே பார்த்தது. சிறு வயதிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு, குவாட்டின் எண்ணிக்கைதான் எல்லாம் என்பது. விதிப்புத்தகத்தின் ஒரு வரி அதற்கு உடன்படவில்லை. ஷெர்பகோவாவின் வெற்றி முற்றிலும் தகுதியானது. டுருசோவாவின் அழுகையும் எனக்கு முழுமையாகப் புரிகிறது.

2 நவம்பர் 2025

ரஷ்யர்கள் இல்லாத ஆண்டுகளில் சர்வதேசப் பெண்கள் போட்டி தரம் குறைந்துவிட்டது என்ற வாதத்துக்கு. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டும் சகமோட்டோ உலகப் பட்டம் வென்றார், குவாட்டும் ட்ரிபிள் ஆக்செலும் இல்லாமல். 2025-இல் பாஸ்டனில் பட்டம் வென்ற அலிசா லியு, பதினாறு வயதில் ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தவர். இருபத்தைந்து வயது ஆம்பர் கிளென் 2024 கிராண்ட் பிரீ இறுதியை ட்ரிபிள் ஆக்செலுடன் வென்றார். தாவலின் கடினம் குறைந்தது உண்மை. போட்டியில் பெண்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

ஆனால் இதை மதிப்பெண் விதியின் வெற்றியாக எண்ணக் கூடாது. குவாட் தாவுபவர்கள் வெளியே நின்றதால் 80 என்ற கூரை மறுபடியும் போதுமானதாகத் தெரிந்தது. ரஷ்யாவுக்குள் சோஃபியா அகாத்தியேவாவும் பெட்ரோசியானும் தேசியப் பட்டங்களைக் குவாட் பலத்தோடுதான் பெற்றுவந்தார்கள். நடுநிலைக் கொடியின் கீழ் ஒரு நாட்டுக்கு ஒரு பெண் என்ற கட்டுப்பாடு நீங்கி, அவர்கள் முழு அணியாகத் திரும்பும் நாளில் பழைய கணக்கு அப்படியே மீண்டும் வேலை செய்யும். அட்டவணையில் அதைத் தடுக்க எதுவும் மாறவில்லை. பெட்ரோசியான் 2007 ஜூனில் பிறந்தவர். அவர் குவாட்டோடு இன்னும் பல ஆண்டுகள் ஆட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அப்படி நடந்தால் என் கவலைகளில் பாதி பொய்யாகும்.

9 நவம்பர் 2025

மதிப்பெண் தாளைப் படிக்கக் கற்றுத்தரச் சொன்னவர்களுக்குச் சுருக்கமாக. போட்டி முடிந்ததும் சம்மேளனம் ஒவ்வொருவரின் விரிவான தாளையும் வெளியிடுகிறது. அடிப்படை மதிப்புக்கு அருகே எக்ஸ் குறி இருந்தால் அது பின்பாதி ஊக்கம் பெற்ற தாவல். இப்போது ஃப்ரீ ஸ்கேட்டில் மூன்றுக்கு மேல் அதைக் காண மாட்டீர்கள். க்யூ என்ற எழுத்து, சுழற்சி சரியாகக் கால் சுற்று குறைந்து இறங்கியதைக் காட்டும். மதிப்பு அப்படியே நிற்கும், தரப்புள்ளி குறையும். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் ஒற்றைக் கோணக் குறி. அதற்கு அடிப்படை மதிப்பிலேயே வெட்டு. இ என்ற எழுத்து, ஃப்ளிப் அல்லது லட்ஸ் வகைத் தாவல் சறுக்குக் கத்தியின் தவறான விளிம்பிலிருந்து கிளம்பியதற்கு.

2018 பியோங்சாங், 2022 பெய்ஜிங் இரண்டின் ஃப்ரீ ஸ்கேட் தாள்களையும் அருகருகே வைத்து, முதல் ஆறு பேரின் நுட்ப மதிப்பெண்ணையும் கலைக்கூறு மதிப்பெண்ணையும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். ஷார்ட் புரோகிராம் தாள்களோடு கலந்துவிட வேண்டாம். அங்கே பெண்களின் கலைக்கூறு எல்லை 40.